குகனுக்குப் புகழத் தெரியாது

போன சனிக்கிழமை மத்தியானம் பாரிசில், லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, ஒரு மனிதனுக்குத் தன் மகளைப் புகழக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அவன் பெயில்.

சிரிக்காதீர்கள். உங்களால் முடியுமா? உங்கள் பிள்ளையை, வெளி ஆள் ஒருவர் முன்னால், அதுவும் அந்தப் பிள்ளைக்கே கேட்கும்படியாக, 'ஆனால்' என்ற சொல் வராமல் ஒரு நிமிடம் புகழ்ந்து பாருங்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டு வந்தாலும் சரி. நான் காத்திருக்கிறேன்...

முடியவில்லை அல்லவா?

அந்த மனிதன் குகன். என்னைவிட இளையவன். லெ பிளாங்-மெனில் புறநகரில் வீடு. ஒரு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரெஸ்ரோறன்ட்டில் கோப்பை கழுவினோம். நான் வழக்கம்போல் நிலைகொள்ளாமல் வேறு வேலை, வேறு ஊர் என்று போய்விட்டேன். அவன் அங்கேயே நின்று, இன்றைக்கு இறைச்சி வாட்டும் அடுப்புக்குப் பொறுப்பாக இருக்கிறான். அவனுடைய மகள் ஆரணிக்குப் பதினான்கு வயது. அவள் விளையாடுவது ஐஸ் ஹொக்கி.

ஆமாம், ஐஸ் ஹொக்கிதான். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் பனிச்சறுக்கு அரங்குக்குக் கூட்டிப்போனார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆரணி மட்டும் மனதளவில் அங்கேயே தங்கிவிட்டாள். முதல் நாள் அவள் தூக்கிவந்த உடுப்புப் பையின் பருமனைப் பார்த்து, எங்கேயாவது குடிபெயரப் போகிறாயா என்று குகன் கேட்டானாம்.

அவளுடைய பயிற்றுநர் மத்தியூ கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்தவர். அந்தப் பக்கத்துப் பெரிய லீக்குகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைச் சோதித்து, தரம் பிரித்து, வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் எல்லா அணிகளும் உட்கார்ந்து மாறி மாறி ஆள் எடுக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். மத்தியூவுக்கு ஊர் நினைவு வந்துவிட்டதோ என்னவோ, இந்த ஆண்டு நான்கு புறநகர்க் கிளப்புகளைச் சேர்த்து இங்கேயும் ஒரு குட்டி டிராஃப்ட் வைத்தார். நாற்பது பிள்ளைகள். நான்கு பயிற்றுநர்கள் ஆளுக்கு நான்கு பேரை எடுப்பார்கள். அந்தப் பதினாறு பேரும் கோடையில் கியூபெக் போய்ப் பயிற்சி முகாமில் தங்கலாம். மற்றவர்கள் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

ஆரணி படுக்கையறைச் சுவரில் கியூபெக் வரைபடத்தை ஒட்டிவிட்டாள். தன் பெயர் பத்தாவது இடத்துக்குப் பக்கத்தில் வரும் என்று கணக்கும் போட்டுவிட்டாள்.

இரண்டு வாரத்துக்கு முன் நடந்த சோதனைக்கு நானும் போயிருந்தேன். ஐஸ் ஹொக்கி பற்றி எனக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு உலகம் தன் பாட்டில் பாடம் வைக்கும். வெளிநாட்டுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுக்க, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அறையில் அடைபட்டுக் கிடந்தேன். ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ரஷ்யப் பிள்ளைகள் ஹொக்கி ஆடுவார்கள். பார்க்க வேறு ஒன்றும் இல்லை. அங்கே ஒன்று பிடிபட்டது... 'பக்' என்கிற அந்தக் கறுப்பு வட்டைப் பார்க்கக் கூடாது. அதைப் பறிகொடுத்த பிள்ளையைப் பார்க்கவேண்டும். தலையைத் தொங்கப்போடுகிறதா, திரும்பித் துரத்துகிறதா?

அதே அறையில் எங்களையும் ஒருவன் தரம் பிரித்தான். கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் படத்துக்கு யாருடைய மூக்கு கிட்ட வருகிறதோ, அவன் முதலில் போவான். என் மூக்கு கடைசிக்கு முந்தியதாக வந்தது. அதனால்தான் முழுக் குளிர்காலமும் ஹொக்கி பார்க்கக் கிடைத்தது.

சரி, சோதனைக்கு வருவோம். முன்னால் ஓட்டம், பின்னால் ஓட்டம், திருப்பம், சட்டென்று நிற்பது, பக்கைக் கொடுப்பது, வாங்குவது. என் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைத் தந்து ஒரு மூலையில் நிறுத்தினார்கள். எல்லாம் முடிந்தபிறகு இன்னொரு சோதனை... பெற்றோருக்கு. பிள்ளை தோற்றால் எப்படி நடந்துகொள்ளும், சொன்னதைக் கேட்குமா, காலையில் தானே எழும்புமா என்று மத்தியூ ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கேட்டார். பெரிய லீக்குகளிலும் இப்படித்தான் செய்வார்களாம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுத் தாய். தன் மகனைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால், புதுக் கார் விற்கிற மாதிரி இருந்தது. எஞ்சின் அருமை, பிரேக் அருமை, குடும்பத்துக்கு உகந்தது.

அடுத்து குகன். பக்கத்தில் ஆரணி.

அவன் சமையலறைப் பிரெஞ்சில் சொன்னான்: இவள் பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை. சோம்பேறி. எந்த நேரமும் போன். கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

உங்களுக்கும் எனக்கும் இது புரியும். ஊரில் வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது நம் அப்பாமார் சொன்னதுதானே? 'இது சரியான மொக்கு, நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ' என்றால், பிள்ளை வகுப்பில் முதலாம் ஆள் என்று அர்த்தம். வாத்தியாருக்கும் அது தெரியும். கியூபெக்காருக்கு எப்படித் தெரியும்? மத்தியூ தலையாட்டிக்கொண்டு எழுதினார். ஆரணி தரையைப் பார்த்தாள்.

புதன்கிழமை தரவரிசை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. ஆரணி இருபத்தோராவது.

அவள் அழவில்லை. சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றி, நான்காக மடித்து, அப்பாவின் வேலைச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டாள். சாப்பாடு அவளுடைய அறைக்குள் போனது. கதவு சாத்தப்பட்டது. குகனின் மனைவி கலா ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னாராம்: "பிள்ளையை இருபத்தொண்டுக்குத் தள்ளினது கோச் இல்லை, நீங்கள்."

அதனால்தான் சனிக்கிழமை தேநீர்க்கடை. ஞாயிறு பின்னேரம் டிராஃப்ட். அதற்கு முன் காலையில் பெற்றோர் வந்து பேசலாம் என்று மத்தியூ சொல்லியிருந்தார். குகன் போய், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லவேண்டும். ஆனால் எப்படி?

"வேறை என்னத்தைச் சொல்லுறது அண்ணை?" என்றான் என்னிடம். "கெட்டிக்காரி எண்டு என்ர வாயாலை சொன்னா நாவூறு பட்டிடாதோ? அதுவும் காலிலை கத்தி மாதிரி ஒண்டைக் கட்டிக்கொண்டு ஐஸிலை ஓடுற பிள்ளை."

கடைக்கார ரவி தேநீரை வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். "நான் சொல்லுறதைத் திருப்பிச் சொல்லு. என்ர மகள் கெட்டிக்காரி."

"என்ர மகள் கெட்டிக்காரிதான், ஆனால்..."

"அந்த ஆனாலை இஞ்சை வைச்சிட்டுப் போ. நான் கூட்டித் தள்ளுறன்."

மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் 'ஆனால்' வந்து நின்றது. மூலை மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அந்துவான் ஐயா, புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தார்.

"தம்பி, பிரெஞ்சுல சொல்லிப் பாருங்க. அதுல சொன்னா வெக்கம் தெரியாது."

நல்ல யோசனை. குகன் பிரெஞ்சில் சொன்னான், தன் மகள் பலசாலி என்று. நாங்கள் கை தட்டப் போனோம். அதற்குள் 'கொஞ்சம்' என்று சேர்த்துவிட்டான். அந்துவான் ஐயா தன் பேப்பருக்கே திரும்பிப் போனார்.

ஞாயிறு காலை, பாரிசின் தெற்குப் புறநகரில் அந்த அரங்கு. மத்தியூ காகிதக் கோப்பையில் காப்பியோடு நின்றார். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து ஆரணி சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள், எங்களைத் தெரியாதவள் போல.

குகன் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். ரவியின் பாடம், அந்துவான் ஐயாவின் பாடம் எல்லாம் எங்கே போயினவோ, ஒரு புகழ்ச்சியும் வாயில் வரவில்லை. பதிலுக்கு வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கினான். பிரெஞ்சில் சொன்னான்; நான் நம் மொழியில் தருகிறேன்.

நவம்பரில் ஒரு மட்ச். கடைசிப் பகுதி. பக் வந்து இவளுடைய கணுக்காலில் அடித்தது. இவள் நொண்டினாள். ஆனால் வெளியே எடுக்கச் சொல்லிக் கை காட்டவில்லை. மட்ச் முடிந்து உடுப்பு மாற்றும் அறைக்குப் போகும்வரை நிமிர்ந்து நடந்தாள். ஜனவரியில் ஒரு உயரமான பெடியன் இவளை மூன்று தரம் அரங்கின் ஓரப் பலகையோடு சேர்த்துத் தள்ளினான். நான்காவது தரம் இவள் சற்று முன்னதாகவே குனிந்தாள். அவன் தன்பாட்டில் போய் மோதினான். பெப்ரவரியில்...

மத்தியூ இடைமறித்தார். நீங்கள் மட்ச் நேரமெல்லாம் வெளியே போய் சிகரெட் குடிப்பவர் அல்லவா என்று கேட்டார்.

இல்லையாம். ஐஸைத் துப்புரவாக்கும் இயந்திரம் வெளியே வருகிற கதவு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் நின்று ஒவ்வொரு மட்சும் பார்த்திருக்கிறான். சிகரெட்டை அவன் விட்டே பல காலமாம். அது எனக்கே தெரியாது.

வாங்கில் கயிறு கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன.

மத்தியூ சிரித்தார். பெற்றோர் சொல்வதற்கு நான் மார்க் போடுவதே இல்லை என்றார். எல்லாரும் இருபதுக்குப் பத்தொன்பது தருகிறார்கள், நீங்கள் நாலு தந்தீர்கள், இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். இருபத்தோராம் இடத்துக்குக் காரணம் வேறு. பின்பக்கமாக ஓடும்போது இடது பக்கம் திரும்பினால் இவளுக்குச் சமநிலை போய்விடுகிறது.

"ஓம், இடப் பக்கம்," என்றான் குகன், தமிழிலேயே. "நானும் கண்டனான்."

அப்போதுதான் ஆரணி வாய் திறந்தாள். பிரெஞ்சில். பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்றால் ஏன் சொல்லவில்லை?

"நான் நிக்கிறன் எண்டு தெரிஞ்சா உனக்குப் பதட்டமா இருக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை."

என்னைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்று நினைத்தேன், என்றாள் அவள். அவ்வளவுதான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஐஸுக்குள் இறங்கிவிட்டாள்.

டிராஃப்டுக்கு முன் கடைசியாக ஒரு ஆட்டம். இந்த முறை குகன் கதவுக்குப் பின்னால் போகவில்லை. கண்ணாடியில் மூக்கு முட்ட, எல்லாரும் பார்க்க நின்றான். இடது பக்கம் வரும்போதெல்லாம் தன் முழங்காலை மடித்து மடித்துக் காட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் இவருக்குக் காலில் என்ன வருத்தமோ என்று பார்த்தார்கள். ஆரணி ஒருமுறை இடது பக்கம் விழுந்தாள். பக் போய்விட்டது. எழும்பிய வேகத்திலேயே அதைத் துரத்திக்கொண்டு போனாள். தலை தொங்கவில்லை.

பிறகு நான்கு பயிற்றுநர்களும் மேசையில் உட்கார்ந்தார்கள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. கார் எஞ்சின் பெடியன் இரண்டாவதாகப் போனான். பத்து... பன்னிரண்டு... பதினான்கு. ஆரணி இல்லை. குகன் என் முழங்கையைப் பிடித்தபடி நின்றான். அந்த இடம் இன்னும் நோகிறது.

பதினைந்தாவது முறை ஒரு பெண் பயிற்றுநருடையது. கட்டையாக முடி வெட்டியவர். வேறு கிளப். அவர் ஒரு பெயரை வாசித்தார். எழுத்துகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. ஆனாலும் அது ஆரணியின் பெயர்தான்.

இருபத்தோராம் இடத்தில் இருந்தவளை ஏன் எடுத்தீர்கள் என்று மத்தியூ கேட்டார். நவம்பர் மட்சில் எதிரணி என்னுடையதுதான் என்றார் அந்தப் பெண்மணி. அந்தக் கணுக்காலில் அடித்தது எங்கள் பெடியன். பின்னால் ஓட நான் கற்றுக்கொடுப்பேன், மற்றதை என்னால் கற்றுக்கொடுக்க முடியாது.

தரவரிசை போடுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஸ்டாப்வாட்சுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை யாராவது நின்று பார்த்திருக்கவேண்டும்.

திரும்பும்போது மூன்று பேரும் RER B ரயிலில் ஏறினோம். நான் கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கவேண்டும், அவர்கள் அதற்கும் அப்பால். ஆரணி அந்தப் பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ரயில் புறப்பட்டது. பிறகு பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் சொன்னாள். 'ஆங்கோர்.' இன்னொருக்கா என்று அர்த்தம்.

குகன் பெட்டியில் இருந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி நவம்பரில் இருந்து தொடங்கினான். இரண்டு ஸ்டேஷன் போவதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. கைகளும் சேர்ந்துகொண்டன. முன் இருக்கைக்காரர் பேப்பரை மடித்துவிட்டார்.

கார் து நோர் வந்தது, போனது. நான் இறங்கவில்லை. ஜனவரி மட்சில் அந்த உயரமான பெடியன் இன்னும் மோதவில்லையே.