இருபது அடி கீழே

சென்ற ஆண்டு மே பதினான்கு, காலை ஆறு இருபது. மேகமில்லை, காற்றும் அசையவில்லை. கொற்கைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வீடுகள் நாற்பத்தொன்று, அவற்றில் பூட்டிக் கிடந்தவை இருபத்தாறு. மீதிப் பதினைந்து வீட்டுக்கும் குடிதண்ணீர் என் வாழைத்தோட்டத்து போர்வெல்லிலிருந்துதான். ஒரு வாரமாக அதில் வெறும் காற்றுதான் வந்தது. ஆழப்படுத்த வந்தவன் தயங்கினான்.

"அண்ணாச்சி, இங்கன நல்ல தண்ணி மேலதான் நிக்கும். கீழ போனா கடலுல்லா கெடக்கு. ஒரு மழை வரைக்கும் பொறும்."

"வாழை பொறுக்குமாலே? அறுநூத்தி நாப்பது நிக்கி. இருபது அடி எறக்கு."

கீழே உப்புத் தண்ணீர் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மதியம் தண்ணீர் பீறிட்டது. பக்கத்து வீட்டுக்காரி குடத்தை வைக்குமுன் ஒரு கை அள்ளிக் குடித்துத் துப்பினாள்.

"உப்பு கரிக்கி! கடலத் தோட்டத்துக்கே கூட்டியாந்துட்டீரே, அண்ணாச்சி."

மழை வந்த பிறகும் உப்பு போகவில்லை. அதற்குள் வாழை முழுவதும் கருகிவிட்டது. எட்டு வீட்டுக்காரர்கள் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்கள். மீதி ஏழு வீட்டுக்கும் லாரித் தண்ணீர் நான்தான் வாங்கித் தருகிறேன். போர் கூலி, வாழை, லாரி எல்லாம் சேர்த்து இதுவரை இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.