என் மகள் போட்ட என் கையெழுத்து

என் மகள் முதலாம் ஆண்டு பி.யூ.சி., அதாவது பதினோராம் வகுப்பு, படித்தபோது, கல்லூரியில் என்னை வரச் சொன்னார்கள். அவளுடைய மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் என் கையெழுத்து இருந்தது. ஒன்றைக்கூட நான் போடவில்லை. இயற்பியலில் மூன்று முறையும் இருபதைத் தாண்டவில்லை.

வராந்தாவிலேயே அவளை அறைந்தேன். எங்கள் பகுதியான மர்பி டவுனின் தமிழ் மீடியம் பள்ளியில் முதலாவதாக வந்தவள் அவள்.

"இங்க எல்லாமே இங்கிலீஷ்மா. எனக்கு ஒண்ணுமே புரியல. நீ மார்க்கு எவ்ளோன்னு மட்டும்தானே கேட்ட?" என்றாள்.

அறைந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நேராக விரிவுரையாளரிடம் போனேன். "மேடம், ஃபெயிலானாலும் இவளை நிறுத்தமாட்டேன். மறுபடி இதே கிளாஸ்ல உட்காரட்டும்," என்றேன்.

அப்படியே ஆயிற்று. அந்த வருடம் தோற்றாள், மறுபடியும் சேர்த்தேன். இயற்பியல் எனக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் மாலையில் அவள் அகராதி பார்த்து, அன்றைய பாடத்தைத் தமிழில் எனக்குச் சொல்லவேண்டும். எனக்குப் புரியும்வரை நான் விடவில்லை. அடுத்த தேர்வில் ஐம்பத்தெட்டு வாங்கினாள். பிறகு பட்டப்படிப்பும் முடித்தாள்.

அவள் போட்ட கள்ளக் கையெழுத்தை நான் அன்றே மன்னித்துவிட்டேன். நான் அறைந்ததை அவள் மன்னித்தாளா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.