ஆணியில் தொங்கிய கவர்

வீரபாண்டிப் பக்கம் ஓடை வளைகிற இடத்தில் எங்கள் லைன் வீடுகள் இருந்தன. எதிர்க்கரையில் தென்னந்தோப்பு, மழை பெய்தால் கொக்குக் கூட்டம். வருகிறவர்கள் எல்லாம் என்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். ஐப்பசியில் வந்து பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

முந்தின வருடம் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே புகுந்தது. சுவரில் அந்தக் கறை அப்படியே இருந்தது. ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்து, முக்கியமான காகிதங்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போனார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் அதுகூடச் சொல்லவில்லை. "ஓடைன்னா தண்ணி வரத்தானுங்க செய்யும்," என்றார்.

கவருக்கா எங்களுக்குப் பஞ்சம்? நான் பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஏற்றுமதி சட்டை போடுகிற கவர் நல்ல கனம், வாயை மடித்தால் ஒட்டிக்கொள்ளும். ஆர்டரில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி எட்டு வீட்டுக்கும் கொடுத்தேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தூத்துக்குடிப் பக்கம். புருஷன் இல்லை. ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தே மகளைப் பன்னிரண்டாவது படிக்க வைத்தவள். மகளுக்குத் தாராபுரத்தில் நர்ஸிங் இடம் கிடைத்திருந்தது. அடுத்த வாரம் அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும்.

"நீயே போட்டு ஒட்டிரு தாயி. ஒனக்குக் கை ராசி," என்றாள். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கவரில் போட்டு, கறைக்கு மூன்று முழம் மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

ஓடைக்கு மேலே இருந்த குளத்தின் கரை உடைந்த அன்று நாங்கள் எல்லோரும் ஷிப்டில் இருந்தோம். தகவல் தெரிந்து ஓடியபோது கூரை மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அக்கா நேராக ஆணியிடம் போனாள். கவர் அதே இடத்தில் தொங்கியது. ஒட்டிய வாய்கூட விடவில்லை. உள்ளே பாதிக் கவருக்குச் சேற்றுத் தண்ணீர், அதில் கூழாகிப் போன காகிதம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தைகள் தலையை விட்டால் மூச்சு முட்டக்கூடாது என்று அந்தக் கவர்களில் சின்ன ஓட்டைகள் போட்டிருக்கும். ஓட்டை இல்லாவிட்டால் வெளிநாட்டு பையர் சரக்கையே எடுக்க மாட்டான். ஐந்து வருடமாக அந்த ஓட்டைகளைப் பார்த்து டிக் அடிப்பதுதான் என் வேலை. என்னை மாதிரி ஒரு மடச்சி உண்டா?

"ஏதாச்சும் திட்டுங்கக்கா," என்றேன்.

"நீ என்ன செய்வ," என்றாள். திட்டியிருக்கலாம்.

நகல் வாங்க பள்ளிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்தோம். வந்து சேர்வதற்குள் தாராபுரத்து இடம் இன்னொருத்திக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் அக்காவுக்கு முதுகு விட்டுவிட்டது, மிஷினில் உட்கார முடியவில்லை.

தை மாதம் அக்கா மகள் என் மேஜைக்கே வேலைக்கு வந்தாள். வேலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நான்தான். அவளே ஒரு கவரை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"ஓட்டை இருக்கு சித்தி," என்று சொல்லிவிட்டு சட்டையை உள்ளே நுழைத்தாள்.