ஆள் ஏற்றாத பஸ்

என் அண்ணன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். சேலத்தில் கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து கரடியூர் வரை போகிற வண்டி அவருடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை மழையில், பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் ஆனது. மூன்று மாதத்தில் முட்டி பழையபடி மடங்கி, கிளட்சை முழுதாக மிதிக்க முடிந்தால்தான் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவார்கள்.

தினமும் அரைமணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் மேட்டுத் தெருவில் சைக்கிளை எங்கே மிதிப்பது? மாற்றலாகிப் போன ஒரு எஸ்டேட் மேனேஜர், நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை விட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டு வாங்கி வந்தோம். அண்ணன் சுவரைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் மிதிப்பார், இறங்கிவிடுவார்.

"போற எடம்னு ஒண்ணு இருந்தாத்தான கண்ணு மிதிக்கத் தோணும்" என்றார்.

நான் அப்போது ஏற்காட்டில் கம்ப்யூட்டர் டீச்சர். மலைமேல் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். விடுமுறைக்குப் பள்ளிக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். பெடலிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, பெடல் ஒரு சுற்று வந்தால் கீபோர்டில் ஒரு தட்டு விழுகிற மாதிரி செய்தேன். திரையில் அவருடைய பாதையையே வரைந்தேன். இருபது வளைவு, ஏரி, கடைசியில் கரடியூர். ஒரு சின்னக் கட்டம்தான் பஸ். மிதித்தால் ஏறும். நிறுத்தினால் பின்னால் உருளும். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நூறு பாயிண்ட்.

ஓரத்தில் அழகுக்காக ஆட்களை நிற்கவைத்தேன். ஒரு கோடு, மேலே ஒரு புள்ளி, அவ்வளவுதான். மைல்கல் மாதிரி தெரிந்ததால் ஒவ்வொருவருக்கும் ஒரு கையைத் தூக்கிவிட்டேன்.

முதல் நாளே வினை ஆரம்பித்தது. மூன்றாம் வளைவில் அண்ணன் மிதிப்பதை நிறுத்திவிட்டார். பஸ் கடகடவென்று அடிவாரத்துக்கே உருண்டது.

"ஏனுங்கண்ணா, கால் வலிக்குதுங்களா?"

"கால் இல்ல கண்ணு. அங்க ஒருத்தரு கை காட்டுறாரு பாரு."

"அது சும்மா படமுங்கண்ணா."

"படமா இருந்தா என்ன? கை காட்டுதே."

எங்கள் மலையில் பஸ் நிறுத்தத்தில்தான் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. எஸ்டேட் கேட்டிலோ ஒற்றையடிப் பாதை முடிகிற இடத்திலோ கூடையோடு நின்று கையைத் தூக்கினால் போதும். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்பது டிரைவருக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் என் அண்ணன் ஒரு கையைக்கூடத் தாண்டிப் போனதில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் பாயிண்ட்டைத்தான் பார்த்தேன்.

ஆட்டத்தில் அவர் ஜெயிக்கவேயில்லை. ஆனால் உருண்டு உருண்டு மறுபடி மறுபடி ஏறியதில் அரைமணி நேரம் முக்கால் மணியாகிக்கொண்டிருந்தது. மூன்றாம் வாரம் முட்டி நன்றாகவே மடங்கியது. ஒருநாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வளைவுல ஆளை நிக்க வெக்காத கண்ணு, வண்டி பின்னால வாங்கும். கொஞ்சம் மேல தள்ளி, மட்டமான எடத்துல நிக்க வெய்யி. ஏறுனதும் கண்டக்டர் மாதிரி ரெண்டு விசில் வந்துச்சுன்னா நொம்ப நல்லா இருக்கும்."

ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. விசிலுக்குப் புரோகிராமில் ஒரே ஒரு வரி போதும். என் ஆட்டத்தை எனக்கே சொல்லித்தருகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. "டாக்டர் நிறுத்தாம மிதிக்கச் சொல்லியிருக்காருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, ஆட்களை வரைகிற வரிகளை அழித்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அண்ணன் எங்கேயும் நிற்காமல் கரடியூர் போய்ச் சேர்ந்தார். நூறு பாயிண்ட். நான் கைதட்டினேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலி வண்டிதானே கண்ணு" என்றார்.

அதற்கடுத்த நாள் பத்தாம் வளைவோடு இறங்கினார். ஒரு வாரத்தில் சைக்கிள் மேல் ஈரத் துண்டு காய்ந்தது. சோம்பேறித்தனம் என்று அண்ணியிடம், அண்ணன் காதுபடவே சொன்னேன். பள்ளி திறந்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டம் இருந்த ஃபிளாப்பி மட்டும் என் பீரோவில் கிடந்தது. மூன்று மாதம் முடிந்து அண்ணனுக்கு வைத்த டிரைவிங் டெஸ்ட் அன்று கிளட்ச் முக்கால்வாசி இறங்கியது. மீதிக் கால்வாசிக்கு முட்டி வரவில்லை.

அவரை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், வண்டிகளை நேரம் குறித்து அனுப்புகிற டைம் கீப்பராகப் போட்டார்கள். பள்ளி விட்டு நான் ஏறுகிற பஸ்ஸும் அவர் முன்னால்தான் கிளம்பும். அண்ணன் தடியை ஊன்றி வந்து, கதவில் ஒரு தட்டு தட்டி, டிரைவரிடம் சொல்வார்:

"எஸ்டேட் கேட்டுக்கு மேல, மட்டத்துல ஆளுங்க நிப்பாங்க. பாத்து ஏத்திக்கங்க."

ஒவ்வொரு வண்டிக்கும் சொல்வார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அவர் முதலில் சொன்னது என்னிடம்தான்.