மொழிபெயர்த்தது முதலாளி

ஆந்திராவின் நகரி ஊர் விசைத்தறிக்காரர்களின் மன அழுத்தம் பற்றித் திருப்பதியிலிருந்து வரப்போகும் ஆய்வு பொய்.

இன்று எங்கள் கொட்டகைக்கு உளவியல் படிக்கும் மாணவி ஒருவர் வந்தார். கேள்விகள் எல்லாம் தெலுங்கில். அவற்றைத் தமிழில் சொல்ல அவர் பிடித்த ஆள், எங்கள் முதலாளி!

இரவில் தூக்கம் வருகிறதா என்பது கேள்வி.

முதலாளி கேட்டது: "இன்னாடா சேகரு, நல்லா தூங்கிக்கினுதானே கீற?"

மாத்திரை போட்டும் தூக்கம் வராத சேகர் அண்ணன், "ஆமா மொதலாளி" என்றார். மாணவி குறித்துக்கொண்டார்.

வாசலில் அவரை மறித்துத் தெலுங்கிலேயே சொன்னேன். "எங்களத் தனியா கேளுங்க மேடம். தெலுங்கு எனக்கும் வரும்."

"அனுமதி கொடுத்ததே அவர்தானே" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

"அப்போ மொதலாளி நல்லா தூங்குறார்னு எழுதுங்க! சேகரண்ணன் பேர அடிச்சிடுங்க!"

ஆட்டோ நிற்கவில்லை.