அப்பாவின் ஸ்டைலஸுக்குப் புது நிப்

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை. டேப்லெட் திரையில் ஸ்டைலஸ் பேனா வைத்துத்தான் எழுதுவார். தோணியில் கயிறு பிடித்த கை நடுங்கும், பிளாஸ்டிக் நிப் கண்ணாடியில் வழுக்கும். எங்களால் எதையும் படிக்க முடியாது.

இன்று பழைய துறைமுகம் போகிற சாலையில் ஒரு மொபைல் கடையில் கேட்டேன்.

"மெத்துனு ஒரு நிப் இருக்கு, போட்டுப் பாருங்க. பேப்பர்ல எழுதுத மாதிரி வழுக்காம நிக்கும்" என்று கடைக்கார அண்ணாச்சி மாட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா மெதுவாக எழுதினார். கோணல்தான், ஆனால் படிக்க முடிந்தது.

"மேரி எங்க?"

அம்மாவைத்தான் கேட்கிறார். அம்மா மாரடைப்பில் இறந்தது, அப்பா ஐ.சி.யு.வில் கிடந்த அந்த வாரத்தில்தான். உடம்பு தேறட்டும் என்று சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தோம்.

தங்கச்சி பழைய கிறுக்கல்களைத் திறந்து பார்த்தாள். "அண்ணே, இத்தன நாளும் இதத்தான் கேட்டிருக்காவ" என்று அழுதாள்.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். கையை விடுவித்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

"நான் இல்லாமலா அடக்கம் பண்ணுனீங்க?"

நல்ல நிப் எங்கே கிடைக்கும் என்று இந்தக் குழுவில் கேட்டபோது ஆளுக்கொரு கடை சொன்னீர்கள். அப்பாவின் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்றும் யாராவது சொல்லுங்கள்.