விலையைக் கூட்டிய ஸ்டெல்லா

போன வாரம் கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். குடும்பத்தோடு கண்டிக்கு வருகிறாராம். "ஹோட்டல் விலையெல்லாம் ஏறிப்போச்சு ஐசே. நியாயமான விலையில ரூம் ஒண்டு பார்த்துச் சொல்லும்" என்றார்.

"நம்மட ஸ்டெல்லா இருக்கிறா, கவலைய விடும்" என்றேன் பெருமையாக. ஸ்டெல்லா கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் மூன்று அறைகளோடு ஹோம்ஸ்டே நடத்துபவர். எனக்குச் சில வருடப் பழக்கம். நான் அனுப்பிய யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. அதுவும் விலையைப் பற்றி... ம்ஹூம்.

உடனே போன் போட்டேன். அவர் சொன்ன விலை, பழைய விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

"என்ன ஸ்டெல்லா, இப்ப பெரஹரா திருவிழாகூட இல்லையே?"

"இல்லைங்க சேர். இனி எப்பவும் இதுதான்."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான் சேர்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

நாடு மீள்கிறது, உல்லாசப் பயணிகள் திரும்பி வருகிறார்கள், அறை விலைகள் இன்னும் ஏறும் — டீவியில் நிபுணர்கள் சொல்லும்போது கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதே மீட்சி நம் சிநேகிதரின் பில்லில் வந்து உட்காரும்போது மட்டும் ஏன் கசக்கிறது?

நேரில் பேசினால் குறைப்பார் என்ற நப்பாசை. சனிக்கிழமை காலை அம்பிட்டிய பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஸ்டெல்லா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளர் வரை உயர்ந்தவர். கொரோனாவில் ஹோட்டல் மூடியது, வேலையும் போனது. கணவர் அருள் த்ரீவீலர் ஓட்டுகிறார். இருவருமாகச் சேர்ந்து வீட்டின் மேல்மாடியை மூன்று அறைகளாக்கினார்கள். அறைகள் தயாரானபோது நாட்டில் பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, கரண்ட் இல்லை. அப்புறம் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டத் தொடங்கினார்கள். யாராவது வந்தால் போதும் என்று அடிமட்ட விலை போட்டார் ஸ்டெல்லா. ஊரே அப்படித்தான் போட்டது.

"அப்புறம் ஏன் திடீரென்று?" என்று கேட்டேன்.

"லூர்து பாஸ்போர்ட் எடுத்துட்டா சேர்" என்றார்.

லூர்து, ஸ்டெல்லாவின் சமையற்காரி. அதே பழைய ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தவர். பெரிய வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் இருவர். சில மாதங்களுக்கு முன் ஒருநாள், காய் நறுக்கும் மேசையில் பாஸ்போர்ட்டை வைத்தாராம். குவைத்தில் வீட்டு வேலை.

"அக்கா, ஒங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இந்தச் சம்பளத்துல பிள்ளைங்கள படிக்கவைக்க ஏலாது."

இதுதான் இன்றைய சுற்றுலாத் துறையின் வேடிக்கை. விருந்தாளிகள் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட கைகள் விமானம் ஏறிக்கொண்டிருக்கின்றன. குறைந்த விலைக்கு அறை கொடுப்பதாகப் பெருமைப்படுகிறோமே — மீதி விலையை யார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்?

ஸ்டெல்லா லூர்துவிடம் இரண்டு வாரம் தவணை கேட்டார். சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்றால் அறை விலையைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஆள் வருமா? அவரிடம் நிபுணர் இல்லை, கிராஃப் இல்லை. போன் மட்டும்தான் இருந்தது.

"மொதல்ல எல்லாம் போன் எடுக்கிறவங்க 'கரண்ட் இருக்கா, கேஸ் இருக்கா'ன்னு கேப்பாங்க சேர். அப்புறம் 'கடைசி விலை என்ன'ன்னு கேட்டாங்க. இப்ப என்ன கேக்குறாங்க தெரியுமா? 'மலை தெரியுற ரூம் எது?' 'காலையில சாப்பாட்டுக்கு என்ன?' மலையப் பத்திக் கேக்குறவங்ககிட்ட காசு இருக்கு சேர்."

அசந்துபோனேன். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

விலையைக் கூட்டினார். இரண்டு வாரம் போன் அடிப்பதே அபூர்வம். அருள் அடிக்கடி போனை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பாராம். "பக்கத்துல பாதி விலைக்குக் குடுக்குறாங்க. ஒனக்கு என்ன பைத்தியமா?" ஒருமுறை பேரம் பேசிய யாருக்கோ அவர் பழைய விலையைச் சொல்லப் போக, ஸ்டெல்லா போனையே பிடுங்கிவிட்டார்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. பாதி நாள் அறைகள் காலியாகக் கிடந்த அந்த மாதமும் லூர்துவுக்குக் கூட்டிய சம்பளம் போயிருக்கிறது. எப்படி? பாதி விலைக்கு அறை கொடுத்த அதே பக்கத்து விடுதியின் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறார் ஸ்டெல்லா!

"ஆள் வந்தாத்தான் சம்பளம்னு சொல்லியிருக்கலாமே?"

"அவளுக்காகத்தானே சேர் கூட்டினேன்? ஆள் வரலைன்னா அது என் கணக்குல வந்த பிழை. அதுக்கு அவ பிள்ளைங்க ஏன் காத்திருக்கணும்?"

 

மூன்றாவது வாரம் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். இரண்டு நாளுக்கென்று வந்தவர்கள், லூர்துவின் பலாக்காய்க் கறிக்காக ஐந்து நாள் இருந்தார்கள். போகும்போது அவர் பெயரைப் போட்டே இணையத்தில் எழுதினார்கள். அதன்பிறகு வந்தவர்கள் வாசலிலேயே "லூர்து யார்?" என்று கேட்டார்களாம். இப்போது மூன்று அறையும் பெரும்பாலும் நிறைந்திருக்கிறது. அருளும் விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்த நேரம் லூர்துவே டீயோடு வந்தார்.

"குவைத் போகலையா?" என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட் அலுமாரியில இருக்கு சேர். எப்ப காலாவதியாகும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தார்.

பேரம் பேசப் போனவன், புது விலைக்கே நண்பருக்கு அறையை உறுதி செய்துவிட்டு எழுந்தேன். போனில் அவர் கொஞ்சம் முணுமுணுத்தார். காரணத்தைச் சொன்னேன். "சரி, அந்தப் பலாக்காய்க் கறிய மட்டும் மறக்காமச் செய்யச் சொல்லும்" என்றார்.

வாசல்வரை வந்த ஸ்டெல்லா கேட்டார்: "சேர், நீங்க பேப்பர்ல வாராவாரம் எழுதுறீங்களே... அதுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?"

சொன்னேன். எத்தனை வருடமாக அதே தொகை என்பதையும் சொன்னேன்.

"கூட்டிக் கேட்டுப் பாத்தீங்களா?"

இதுவரை இல்லை... இந்தப் பத்தியை முதலில் படிப்பவர் எங்கள் பத்திரிகை ஆசிரியர்தான்!